டோரீன் பேசிய ஒரே வசனம்

வான்கூவரில் எடுக்கப்படும் துப்பறியும் தொடர்களில் டோரீன் ஹால்வர்சன் இருபத்தாறு ஆண்டுகள் பிணமாகவே நடித்தாள். காமிரா ஓடி முடியும்வரை மூச்சை அடக்குவாள். "கட்" என்றதும் மூக்கு வழியாக நீளமாக விடுவாள். ஒரு வசனமாவது பேசிவிட வேண்டும் என்பதே அவளுடைய தீராத ஏக்கம்.

ஐம்பத்தெட்டாம் வயதில் அது வாய்த்தது. பிணவறையில் தங்கையை அடையாளம் காட்டும் அக்காள் வேடம். குரல் தடுமாறினால் வேறொருத்திக்குப் போய்விடும்.

"இத்தன வருஷம் செத்துக் கெடந்தீங்க, இன்னிக்காவது வாயத் தெறங்கம்மா!" என்று சிரித்தான் உதவி இயக்குநர் கிரெக்.

"நீ மொதல்ல வாய மூடுடா, வசனம் மறந்துடப்போவுது."

துணியை விலக்கினார்கள். அங்கே கிடந்தது டோரீனின் முகம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு பிரேதப் பரிசோதனைக் காட்சிக்காக அவளையே அச்செடுத்துச் செய்த ரப்பர் பொம்மை.

"பழைய பொம்மையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. தங்கச்சிதானே, சாடை இருந்தா நல்லதுதான்," என்றான் கிரெக்.

காமிரா ஓடியது. மூச்சை அடக்கும்போது தன் உதடுகள் இறுகுவதைப் போலவே பொம்மையின் உதடுகளும் இறுகியிருப்பதை டோரீன் கண்டாள். ஆயினும் தடுமாறவில்லை.

"ஆமா. இவதான்."

"கட்! பிரமாதம்!"

கைதட்டிவிட்டு எல்லோரும் காப்பிக்குக் கலைந்தார்கள். டோரீன் துணியை இழுத்து அந்த முகத்தை மூடினாள். துணிக்கடியிலிருந்து மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது.