சிவப்பு மையில் அடித்த பெயர்கள்

தீயணைப்பு வீரர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருகிறதா என்று ஆராய வந்த பட்டதாரி இளைஞன் நிலையத்துக்குள் நுழைந்தபோது, முதலில் எதிர்ப்பட்டவர் கரியண்ணன்தான். இருபத்தாறு வருட சர்வீஸ். புகையேறிய கோட்டைத் துவைக்க விடமாட்டார். கரிதான் நமக்கு மெடல் என்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பணியாளர் பதிவேடும் அவர் பொறுப்பு. இளைஞன் கேட்ட பட்டியலை மணிமணியான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது: பொதுமக்களைவிட இந்த நிலையத்தாருக்குப் புற்றுநோய் குறைவு. எல்லோரும் கைதட்டினார்கள். கரியண்ணன் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, நின்றபடியே நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மாதம் இரண்டு முறை அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. இப்போதுதான் பயம் கொஞ்சம் இறங்கியது. உடம்புச் சூடாக இருக்கும் என்று முடிவு கட்டினார்.

இளைஞனுக்கோ அந்த முடிவு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி வந்தான்.

"அண்ணே, உங்களை வேலைக்கு எடுத்தப்ப எத்தனை பேரைக் கழிச்சாங்க?"

"நானூறு பேர் ஓடினோம். பதினோரு பேரைத்தான் எடுத்தாங்க. காளை மாதிரி இருந்தாத்தான் உள்ள வர முடியும்."

"அப்போ ஊர்ல உள்ள நோயாளிங்களையும் சேர்த்து வெச்சு ஒப்பிட்டா, நீங்க நல்லாத்தானே தெரிவீங்க? அதைக்கூட விடுங்க. நீங்க குடுத்த பட்டியல்ல இப்ப வேலையில இருக்கறவங்க மட்டும்தான் இருக்காங்க. உடம்பு முடியாம போனவங்க எங்கே?"

கரியண்ணன் அலமாரியைத் திறந்தார். வேலையை விட்டுப் போனவர் பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிடுவது நிலையத்து வழக்கம். அடித்த கை அவருடையது. அடித்த பெயர் ஆள்கணக்கில் சேராது என்றே பழகிவிட்டார். பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். கூடவே சேர்ந்த பதினோரு பேரில் ஏழு பேர்மேல் கோடு. நான்கு கோடுகளுக்கு எதிரே 'உடல்நலக் குறைவு'. அவர்களில் இருவருக்கு என்ன வந்தது என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்.

"ரெண்டு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே," என்றான் இளைஞன் அவசரமாக. "எல்லா நிலையத்துப் பழைய ஏட்டையும் பார்க்கணும்."

"உனக்கு அது கணக்கு தம்பி," என்றார் அவர். "எனக்கு ரத்தம் போகுது."

அன்று மதியமே ஆஸ்பத்திரி. விஷயம் தெரிந்து ஓடிவந்த மனைவி, "நெருப்புக்குள்ள பாயுற மனுஷன் ஒரு ஊசிக்கு இப்படி நடுங்குறீங்களே" என்று சிரிக்கப் பார்த்தார்.

கேமரா விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் ஒரு வளர்ச்சி தெரிந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கரியண்ணன் இப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிறார். முடிவு திங்கட்கிழமை வரும்.