கண்ணாடிக்குள் சித்தியின் வலது கை

சித்தியின் வலது கை மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை போய்விட்டது. ஆனால் அந்த இல்லாத கை எந்நேரமும் மூடியே கிடந்தது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து தீப்பிடித்த நொடியில் அவர் கையில் ஒரு கட்டுத் திரி இருந்திருக்கிறது. பிடித்த பிடி அப்படியே நின்றுவிட்டது. நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்பார். எந்த நகம், எந்த உள்ளங்கை என்று ஆமத்தூர் வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். சித்தப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

"விரிக்க முடியலலே" என்பார் சித்தி என்னிடம். "ஒரு தடவ விரிச்சிட்டேன்னா நிம்மதியாத் தூங்குவேன்."

நான் அப்போது மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எதைப் படித்தாலும் அன்றைக்கே செய்து பார்த்தாக வேண்டும் எனக்கு. கண்ணுக்கு முன்னால் ஒரு பொய்க் கையைக் காட்டி, அது தன் கைதான் என்று மூளையை நம்பவைத்தால், மூடிக்கிடக்கும் கையைத் திறக்கலாம் என்று படித்தேன். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். நினைத்தவுடன் அந்தக் கை அசைய வேண்டும். அதன்மேல் ஒன்று படுவதைக் கண் பார்க்கும் அதே நேரத்தில், உடம்பிலும் ஏதாவது பட வேண்டும். இவ்வளவுதானே! கல்லூரி லேபில் கெஞ்சி ஒரு வி.ஆர். கண்ணாடியும், தசை அசைவைப் படிக்கிற பட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு செமஸ்டர் லீவில் ஆமத்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மிச்சமிருந்த வலது முன்கையில் பட்டையைக் கட்டி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே, யாரு கைலே இது? ஒரு ஏனம் கழுவுன கை மாதிரியே இல்லையே."

"அசைச்சுப் பாருங்க சித்தி."

"நான் சொல்லி, அது யோசிச்சு, பெறகுல்ல வருது. ஒங்க சித்தப்பா கணக்கா."

"கேக்குது, கேக்குது" என்றார் சித்தப்பா அடுப்படியிலிருந்து.

தாமதத்தைக் குறைத்தேன். நிறத்தைக் கறுப்பாக்கி, நக இடுக்கில் அலுமினியப் பொடியின் வெள்ளியைக்கூடப் பூசினேன். பிரஷ்ஷால் பொய்க் கையிலும் மொட்டைக் கையிலும் சேர்ந்தாற்போல் தடவினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த வீட்டுக் கை" என்றார். சரி, பழகிய இடத்தில் வைத்துப் பார்ப்போம் என்று, அவர் திரி வைத்த அறையையே வரைந்தேன். கதவு, மேசை, மேசைமேல் வெடிக்குழாய்கள். சித்தி கையை நீட்டவேயில்லை.

"தகடு எங்கலே?"

வேலை அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட், மருந்தில் பொறி தட்டாதபடி, தரையில் இறங்கிவிடும். அதைத் தொடாமல் மேசைப் பக்கம் போவதற்கு சித்தியின் உடம்பு சம்மதிக்கவில்லை, கண்ணாடிக்குள்கூட.

தகட்டை வரைந்தேன். பொய்க் கை அதில் பட்ட நேரத்தில், ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து மொட்டைக் கையின் நுனியில் வைத்தேன்.

சித்தி சட்டென்று நிமிர்ந்தார்.

"உள்ளங்கை குளுருதுலே."

தகட்டின்மேல் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "விரிஞ்சிருச்சு… ஏலே, விரிஞ்சிருச்சுலே." கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. நான் குதித்தேன். சித்தப்பா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடியைக் கழற்றி, காப்பி ஆறுவதற்குள் கை மறுபடி மூடிக்கொண்டது. முன்னைவிட இறுக்கமாக. அதனால் தினமும் மாட்டினோம். தினமும் விரிந்தது, தினமும் மூடியது. "கழத்தாதலே, இன்னும் கொஞ்ச நேரம்" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்பார். அந்த நேரத்தில் வேறொன்றும் செய்ய மாட்டார். விரித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம் வந்தது. வெடியைச் சோதித்துப் பார்க்கிற சத்தத்திற்கு எங்கள் பக்கம் யாரும் திரும்ப மாட்டோம். அதற்கு அலமாரிப் பாத்திரங்கள் ஆடாது. இதற்கு ஆடின; எங்கோ ஒரு கம்பெனி வெடித்திருக்கிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் சித்தியும் செய்தார். கையில் இருப்பதை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினார். உதறியதில் பட்டை நழுவியது. சிக்னல் அறுந்தால் கையை மறைத்துவிடும்படிதான் புரோகிராம் எழுதியிருந்தேன். சத்தம் கேட்டது, கண்ணாடிக்குள் கை இல்லாமல் போனது.

"போச்சுலே! கை போச்சுலே!"

கதவு நிலையில் மோதி விழுந்தார். நான் கண்ணாடியைப் பிடுங்கினேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை, வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் நிஜக் கை போன அன்றைக்கு அவர் மயங்கிவிட்டார். போனதைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை கண்ணால் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து மூடிய கை எரியவும் தொடங்கியது. புரோகிராமை மாற்றிவிடலாம், இனி மறையாது என்றேன். சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கண்ணாடி இருந்த அறைக்குள்ளும் அவர் போவதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒருவர் தேடி வந்தார். தரை அதிர்ந்த அன்று நடந்த விபத்தில் அவர் மனைவிக்கும் வலது கை போயிருந்தது.

"தம்பி, இல்லாத கை சுருண்டு கெடக்குன்னு அழுகுறா. நீங்க ஏதோ கண்ணாடி வச்சிருக்கீகளாமே? எம்புட்டுத் தூரம்னாலும் கூட்டியாறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி பேசினார்.

"விரியும்ணே. இவன் செஞ்சது பொய்யில்ல. ஆனா விரிஞ்சா அது அவ கையாயிரும். கையாயிட்டா மறுபடியும் போகும். வேண்டாம்ணே."

வந்தவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். சித்தி சொல்வது தப்பு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கும் சொல்ல ஆசைதான். சித்தி முகத்தைப் பார்த்தபடி சொல்ல முடியவில்லை.

"அப்ப மாத்திரை கீத்திரை ஏதாச்சும் இருக்கா தம்பி?"

இல்லை என்றேன்.