இரண்டாவது பொம்மை

மயிலாத்தாளுக்கு வாயடக்கம் கிடையாது என்பது பெருமாநல்லூருக்கு வடக்கே அந்தச் சின்ன ஊர் முழுக்கத் தெரியும். லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுவாள். தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலை நறுக்கும் வேலை. அவள் மாமனார் காலத்திலிருந்தே குடும்பம் லிங்கசாமியின் தோட்டத்தில் கூலி. கம்பெனி வந்த பிறகும் அவர் அவளுக்குப் பண்ணாடிதான், எசமான்தான். அவர் வீட்டு வாசலைத் தாண்டி அவள் உள்ளே கால் வைத்ததில்லை.

எண்பத்தேழில், திருப்பூரிலிருந்து மருதாசலம் என்ற தொண்டர் ஞாயிறுதோறும் பஸ்ஸேறி முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது எப்படி என்று காட்டினார். மயிலாத்தாள் முதல் ஆளாகப் போய் ஊதினாள். பொம்மையின் நெஞ்சு மேலெழுந்தது. அதன் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, "அடுத்து வாங்க" என்றார் மருதாசலம். அடுத்து நின்றவள் லிங்கசாமியின் மனைவி பெரியாத்தாள். அவளுக்குத் திடீரென்று தலைவலி வந்துவிட்டது. கூட வந்த உறவுக்காரப் பெண்கள் அத்தனை பேருக்கும் அதே தலைவலி. இப்படியொரு ஒட்டுவாரொட்டித் தலைவலியை மருதாசலம் எங்கும் பார்த்திருக்க மாட்டார். மறு ஞாயிறிலிருந்து அந்த வீடுகளிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. ஊதக் கற்றுக்கொண்டது கூலிக்காரர்கள் மட்டும்தான்.

அந்த ஐப்பசி மழைக்குத் தோட்டத்துக் கிணறு நிரம்பி, படியெல்லாம் பாசி பிடித்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் லிங்கசாமியின் ஒரே மகள் ரங்காத்தாள் அதில் வழுக்கி விழுந்தாள். கம்பெனி லீவென்று பக்கத்துக் காட்டில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்த மயிலாத்தாளும் அவள் புருசன் கன்னையனும் அலறல் கேட்டு ஓடினார்கள். கன்னையன் குதித்துத் தேடித் தூக்கி வந்து மேட்டில் கிடத்தினான். பெண்ணின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சில்லை.

அதற்குள் லிங்கசாமியும் அவர் வீட்டுச் சனமும் ஓடி வந்திருந்தார்கள். கூடியவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது. இருவர் அதற்குக் காலைப் பிடித்தே விட்டார்கள்.

"உடுங்க காலை!" என்று கத்திக்கொண்டு மயிலாத்தாள் முழங்காலிட்டாள். பெண்ணின் வாய்க்குள் இருந்த பாசியை விரலால் வழித்தெறிந்தாள். தலையைப் பின்னால் சாய்த்துக் குனிந்தபோது, பெரியாத்தாள் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய்! என்ற புள்ள வாய்ல நீ வாய வெக்கறதா? நாளைக்கு அவள எவன் கட்டுவான்?"

மயிலாத்தாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பயமும். பெண் பிழைக்காவிட்டால், இவள் தொட்டதால்தான் செத்தாள் என்பார்கள். அப்புறம் அந்த ஊரில் கன்னையனுக்கும் அவளுக்கும் குடியிருக்க இடமிருக்காது.

"சரிங்க பண்ணாடிச்சி. உங்க சனத்துல ஊதத் தெரிஞ்சவங்க யாராச்சும் வாங்க. நான் தள்ளிக்கறனுங்க."

யாரும் அசையவில்லை. அன்றைக்குத் தலைவலி வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். லிங்கசாமி மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை மட்டும் மயிலாத்தாள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அவள் பெரியாத்தாளின் கையை உதறினாள். பெண்ணின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். நெஞ்சு எழவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்து மறுபடி ஊதினாள். எழுந்தது. ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். அவளுக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. "போச்சு, கொன்னுபோட்டா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நிமிர்ந்து பதில் சொல்லக்கூட மூச்சை வீணாக்கவில்லை. திடீரென்று ரங்காத்தாள் இருமினாள். குடித்த தண்ணீரையெல்லாம் மயிலாத்தாளின் மடியிலேயே கக்கினாள்.

பெரியாத்தாள் மகளை வாரி அணைத்துக் கதறினாள். கதறிக்கொண்டே முந்தானையால் மகளின் உதட்டை அழுத்தித் துடைத்தாள். மயிலாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டு ஈரச்சேலையோடு எழுந்தாள்.

தை மாதம் மருதாசலம் வகுப்பு வைத்தபோது பள்ளிக்கூடத்தில் இரண்டு பொம்மைகள் கிடந்தன. புதியதை லிங்கசாமி மெட்ராசிலிருந்து வரவழைத்திருந்தார். அவர் வீட்டுச் சனம் முழுக்க வந்திருந்தது.

"பழசு உங்களுக்கு, இது எங்களுக்கு. நீதான் இவங்களுக்குச் சொல்லித் தரோணும், மயிலாத்தா" என்றார் லிங்கசாமி.

"ஆகட்டுங்க" என்றாள். நேராகப் புதுப் பொம்மையிடம் போய் முழங்காலிட்டாள். அதன் வாயில் வாய் வைத்து நன்றாக ஊதினாள்.

"எப்படின்னு காட்டோணுமில்லீங்க? வாங்க, அடுத்து யாரு?"

பெரியாத்தாள் தரையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. கடைசியில், அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு ரங்காத்தாள் முன்னால் வந்தாள். மருதாசலம் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார்.

"வேண்டாங்க" என்றாள் ரங்காத்தாள். குனிந்து ஊதினாள்.