அரசாங்கச் செய்தி மடலில் அருள் அண்ணையின் பெயர்

மாசி மாதம் இரண்டாவது வெள்ளி, நானும் அருள் அண்ணையும் நாங்கள் இருக்கும் பிராண்டேயிலிருந்து டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகன் போய்வந்தோம். சுற்றுலா அல்ல. அண்ணையின் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருக்கிறார்கள். அவர்களை அழைக்க அவர் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடமாக இங்கே நீதி அமைச்சில் கிடக்கிறது. தமிழரின் இப்படியான விண்ணப்பங்களை அமைச்சு வேண்டுமென்றே நிறுத்திவைத்தது இப்போது விசாரணையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த நேரம் பார்த்து, அரசு தன் செலவில் ஆங்கிலத்தில் அச்சடித்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்தி மடலிலிருந்து அண்ணையைப் பேட்டிக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க நான்.

காலை 6.10க்கு ரயில், 270 கிலோமீற்றர், ஐந்து மணி நேரம். போய்வர ஒருவருக்கு 400 குரோனர். இடையில் கடல் வரும் இடத்தில் ரயிலை அப்படியே கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். அந்தப் பொறியியலுக்காகவே ஒருமுறை போகலாம். கப்பலில் விற்கும் கோப்பி வாயில் வைக்க முடியாது, ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள்.

வழியெல்லாம் அண்ணை ஒரு நன்றியுரையைப் பாடமாக்கினார். எழுதிக் கொடுத்தவன் நான்தான். அரசாங்கத்தின் பத்திரிகை என்றால் அரசாங்கத்தைப் புகழவேண்டும். ஊரில் அரசாங்க வானொலி கேட்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

மடலின் ஆசிரியர் நாற்பது வயதுப் பெண். நன்றியுரையில் பாதி கேட்டுவிட்டுப் பேனையை வைத்தார். இது செய்தி இல்லை, எப்போது விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது, அதைச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது அரசாங்கத்தின்ரை பேப்பர் எல்லே? இதிலை குறை சொன்னா என்ரை பைல் குப்பைக்குள்ளை போகாதே?"

அப்படியே மொழிபெயர்த்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை. போனால் அதையும் அடுத்த மடலில் எழுதுவேன் என்றார். எங்கள் பிழையை நாங்களே எழுதுவதால்தான் வெளிநாட்டுக்காரன் மிச்சத்தையும் நம்புகிறான் என்றும் சொன்னார். ஐம்பது லட்சம் பேருள்ள நாட்டுக்கு இதைவிடக் கெட்டித்தனமான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

பயமென்றால் பெயரை விட்டுவிடலாம் என்றார். அண்ணை கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"பேரைப் போடச் சொல்லு. பேரில்லாட்டி ஆரின்ரை பைலெண்டு தேடுவாங்கள்?"

மடல் பெயருடன் வந்தது. மூன்றாம் வாரம் கலியாணச் சான்றிதழ் கேட்டு அமைச்சிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது, இரண்டு வருடத்தில் முதல் கடிதம். மடலாலா, விசாரணையாலா, தெரியாது, தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். உங்களை அழைத்தாலும் போங்கள். விண்ணப்பப் பிரதியைக் கொண்டுபோங்கள். நன்றியை, ஆட்கள் வந்து இறங்கியபிறகு சொல்லலாம்.