ஈர நோட்டு

தாராவியில் பெண்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘சம்’, ‘மோஸ்ட்’, ‘ஆல்’ வந்தால், பலவற்றைச் சொல்லும்போது ‘ஆர்’, ஒரே பொருளின் பகுதியையோ எண்ண முடியாததையோ சொல்லும்போது ‘இஸ்’ என்று நடத்திவிட்டு, வாராவாரம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிவரச் சொன்னேன்.

இட்லி விற்கும் பேச்சியம்மாளின் நோட்டு மட்டும் ஈரமாக இருந்தது. ‘சில செங்கல்கள் பெயர்ந்திருக்கின்றன’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ‘ஆர்’ சரி. டிக் போட்டேன். அடுத்த வாரம், ‘சுவரின் பெரும்பகுதி சாய்ந்திருக்கிறது.’ ‘இஸ்’ சரி. பக்கங்களுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. ஊதித் தள்ளினேன். மூன்றாம் வாரம், ‘நாங்கள் எல்லோரும் பயந்திருக்கிறோம்.’ பக்கத்தில் ‘குட்’ என்றுகூட எழுதினேன். இடியும் சுவர்களைப் பற்றிப் புகார் கொடுக்கிற மாநகராட்சி வார்டு ஆபீஸில்தான் என் கணவர் வேலை பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வாரமே மழையில் சுவர் விழுந்தது. வீட்டில் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, வலது கையில் மாவுக்கட்டோடு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். இடது கையால் கோணலாக ஒரு வரி எழுதி நீட்டினாள்: ‘சுவர் முழுவதும் போய்விட்டது.’

“இதுக்கு இஸ்தான மிஸ்?”

முகத்தில் கோபமே இல்லை. டிக் போடப்போன பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“மூணு வாரமா எழுதித் தந்தேம்லா மிஸ்.”

இப்போது யாருடைய காய்ந்த நோட்டைத் திறந்தாலும் மேசையில் தூள் உதிர்வது போலவே இருக்கிறது. சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, முதலில் வாசிக்கிறேன்.