படுத்துப் பார்க்க ஒரு டிவி

நான் நான்காம் வகுப்பு படித்தபோது அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் வரத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னாராம். குணமாகிவிட்டதால்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதே வாரம் அப்பா புது டிவி வாங்கலாம் என்றதும் அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது. நல்லது நடந்த வீட்டில்தானே புதுச் சாமான் வாங்குவார்கள்.

சேலையூரில் எங்கள் வீட்டு ஹால் ஒடுக்கமானது, நல்ல வெளிச்சம் வரும். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த சித்தப்பா, எல்சிடிதான் வாங்க வேண்டும் என்று போனில் அப்பாவுக்கு வகுப்பே எடுத்திருந்தார். பிளாஸ்மா டிவி கரண்டை இழுக்குமாம், சூடாகுமாம், ஜன்னல் வெளிச்சம் அதன் கண்ணாடியில் அடிக்குமாம். நானும் எல்சிடி கட்சிதான். என் தோழி வீட்டில் அதுதான் இருந்தது.

ஜிஎஸ்டி ரோட்டுக் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே கிளி பறந்தது. எல்சிடியில் பச்சை பளிச்சென்று இருந்தது. அப்பா அதன் ஓரமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு கைக்குட்டையைத் தரையில் விரித்து, ஒருக்களித்துப் படுத்தேவிட்டார்.

“இன்னா சார் பண்றீங்க?” என்று கடைக்கார அண்ணன் ஓடிவந்தார்.

“படுத்துக்கிட்டுப் பார்த்தா எப்படித் தெரியுதுன்னு பார்க்கிறேன்.”

“அப்பிடி யாரு சார் பாக்கப் போறாங்க? நேரா குந்திகினு பாருங்க, சூப்பரா கீது.”

அப்பா எழுந்துபோய் பிளாஸ்மாவின் ஓரத்தில் அதே மாதிரி படுத்தார். “பாப்பா, நீயும் வந்து பாரேன்” என்று என்னைக் கூப்பிட்டார். ஃப்ரிட்ஜ் பக்கம் நின்ற ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் விடவில்லை. குனிந்து பார்த்தேன். ஓரத்திலிருந்து எல்சிடியில் கிளி சாம்பல் பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. பிளாஸ்மாவில் எங்கிருந்து பார்த்தாலும் பச்சை பச்சையாகவே இருந்தது.

பிளாஸ்மாதான் வந்தது. உள்ளறையிலிருந்து அம்மாவின் கட்டிலும் ஹாலுக்கு வந்தது. டிவிக்கு எதிரே போட இடமில்லை. சுவரோரமாகத்தான் போட முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் ஒரே பக்கமாகத்தான் படுக்க முடியும். சித்தப்பா சொன்னபடியே ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடித்தது. அப்பா ஒரு பழைய போர்வையை ஜன்னலில் கட்டினார். அதன்பின் எங்கள் ஹாலில் பகலும் இருட்டுதான். அந்த இருட்டில் அம்மாவின் முகத்தில் மட்டும் நிறங்கள் மாறிக்கொண்டிருக்கும்.

“தெரியுதா?” என்று அப்பா தினமும் கேட்பார்.

“நல்லா தெரியுதுங்க” என்பாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு, சமையலறைக்குப் போய் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, அவ்ளோ சொல்லியும் இதை எடுத்திருக்க? கொஞ்ச வருஷத்துல பிளாஸ்மாவே இருக்காது. ஸ்பேர் கிடைக்காது. ரிப்பேரானா என்ன பண்ணுவ?”

“ஒரு வருஷம் ஓடினா போதும்டா” என்றார் அப்பா, திரும்பாமலே.

எதற்கும் பதில் வைத்திருக்கும் சித்தப்பா காபி டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பா கிண்டுவதை நிறுத்தவில்லை.

அந்த டிவி அதற்குப் பிறகும் பல வருஷம் பழுதில்லாமல் ஓடியது. அம்மாதான் அந்த மார்கழியைத் தாண்டவில்லை.

ஆனால் அன்று சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்கு, அப்பா சொன்னதற்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. ஹாலுக்கு ஓடி அம்மாவின் காதில் சொன்னேன்: “அம்மா, இந்த டிவி ஒரு வருஷத்துக்குத்தானாம். அப்புறம் நாம எல்சிடி வாங்கப் போறோம்!”

“யாரு சொன்னா?”

“அப்பாதான். சித்தப்பாகிட்ட சொன்னாரு.”

“ஒரு வருஷம்னா சொன்னாரு?”

தலையாட்டினேன். அம்மா சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிலில் இழுத்துத் தன்னோடு படுக்கவைத்து, வலியையும் பார்க்காமல் இறுக்கி அணைத்துக்கொண்டாள். புது டிவி வரப்போகிற சந்தோஷம் அவளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.