பிடியரிசி ஞானசௌந்தரி

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். "ஏட்டி இன்பமணி, அரிசியக் களைஞ்சு போடு, இந்தா வந்துட்டேன்" என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானசௌந்தரி நாலாம் வீட்டு அடுப்பங்கரையில் நிற்பாள். தலையில் பெரிய ஓலைப்பெட்டி, கழுத்தெல்லாம் வேர்வை, வாயில் பாதிக் கீர்த்தனை. மீதிப் பாதி அடுத்த வீட்டில்.

சனிக்கிழமை என்றால் ஆறுதல்புரத்துச் சபைக்குப் பிடியரிசி வாங்கிச் சேர்ப்பது அவள் வேலை. சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற கலயத்தில் போட்டு வைப்பது தாமிரவருணிக் கரையில் கிறிஸ்தவ வேதக்காரர் வீடுகளின் வழக்கம். மற்ற மாதங்களில் சேர்கிற அரிசியை விற்றுச் சபைச் செலவுக்கு எடுத்துக்கொள்வார்கள். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கும்போது சேர்கிறதை மட்டும் விற்கமாட்டார்கள். அதுதான் அசனத்துக்கு உலையேறும். ஒரே அடுப்பு, ஒரே சோறு, சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஓலைப்பட்டையில் வாங்கிச் சாப்பிட வேண்டும். இந்த அரிசி சுமக்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு.

ஏச்சு வராமல் என்ன செய்யும்? கலயத்தைக் கொண்டுவந்து கவிழ்க்கும்வரை பொறுக்கமாட்டாள். தானே உள்ளே போய்க் கைவிட்டுப் பார்ப்பாள். "இது என்ன மக்கா, உன் வீட்டுல யாரு பிடி போடுதா, கோழிக்குஞ்சா?" என்பாள். "கர்த்தருக்குப் பல்லு இல்லன்னு நொய்யா எடுத்து வச்சிருக்கியோ?" என்பாள். கேட்டவள் முகம் சுருங்குவதற்குள் அவள் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலையும் இறக்கி வைத்துவிட்டுப் போயிருப்பாள். எப்படிக் கோபப்படுவது? கோயிலிலும் இதே கதைதான். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், பிறகு திறப்பாள். புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் வருவார், வராத வருஷமும் உண்டு. வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவள் ஒருத்தி தலையில்.

அந்த வருஷம் நல்லதுதான் தலையில் ஏறியிருந்தது. சபையின் பெரிய மூப்பர் சுவிசேஷமுத்து வீட்டிலிருந்து, பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கிற மகனுக்கு இன்பமணியைக் கேட்டு வந்தார்கள். நிச்சயம் முடிந்து கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கியாயிற்று. மூன்று ஞாயிறு வாசித்துத் தடை சொல்ல ஆளில்லை என்றால் கலியாணம். முதல் ஓலை வாசித்தபோது இன்பமணி தலையைக் குனிந்தவள் ஆராதனை முடிகிறவரை நிமிரவில்லை. ஞானசௌந்தரிக்கு அன்றைக்குப் பூமியில் கால் பாவவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தன் பித்தளைத் தாம்பாளத்தில் பட்டுக்கரை வேட்டி வைத்து அனுப்பியிருந்தாள். ஊரில் அப்படி ஒரு வேட்டியை யாரும் வைத்ததில்லை என்று தானே நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள்.

இந்த நேரத்தில்தான், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, அவள் வாய் சும்மா இருக்காமல் போயிற்று.

ஊருக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் வயல்வேலை செய்கிற ஜனங்கள் இருந்தார்கள். தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த சாதி. முந்தின ஈஸ்டருக்கு அவர்களில் பலர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். வேதத்துக்கு வந்த பிறகு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொட்டடிக்க வரமாட்டோம் என்றார்கள். அறுப்புக்கு முன்னால் ஒருநாள் பண்ணையார் ஆட்கள் வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். முத்துமாலை என்று நேற்றுவரை பேர்கொண்ட ஜெபராணியின் குடிசையில் கூரையும் போயிற்று, கட்டியிருந்த ஆடும் போயிற்று. குருவானவர் சத்தியநேசன் ஐயர் மட்டும் வெயிலோடு வெயிலாகப் பாளையங்கோட்டைக்கு நடந்து போய்ப் பிராது கொடுத்துவிட்டு வந்தார். மூப்பர்மார், "நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்துவிட்டார்கள்.

சத்தியநேசன் ஐயர் சின்ன வயது. பிரசங்கபீடத்தில் ஏறினால் சாதியைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். கிறிஸ்துவுக்குள் மேல் ஏது, கீழ் ஏது என்று கேட்பார். இறங்கியதும் சுவிசேஷமுத்து மூப்பரின் முகத்தைப் பார்ப்பார். மூப்பர் வாய் நிறைய, "நல்ல பிரசங்கம் ஐயரே" என்பார். வாய்க்கால் கரையார் மேற்கு வாசலோரம் தனிப்பாயில்தான் உட்கார்ந்தார்கள்.

கூரை எரிந்த மறு சனிக்கிழமை ஞானசௌந்தரி அந்த வழியாக வரும்போது ஜெபராணி கரிபிடித்த சுவரோரம் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அரிசி. கூலி நெல்லைக் குத்திய தடித்த சிவப்பரிசி.

"நாங்களும் பிடி போடுதோம்மா. வாங்கிக்கிடுவியளா?"

ஞானசௌந்தரி கிட்டே போனாள். "அம்மா என்னட்டி அம்மா? அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிச் சட்டியை வாங்கினாள். தலையிலிருந்த பெட்டியில் கொட்டவில்லை. இடுப்பிலிருந்த சின்னப்பெட்டியைக் காலி பண்ணி அதில் கொட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள்? யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று, வளர்ந்த வளர்ப்பு அப்படி. அதன்பிறகு வாரா வாரம் இரண்டு பெட்டி. மூப்பரிடம் சொன்னபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "வாங்கிக்க தங்கச்சி, வேண்டாம்னா சொல்ல முடியும்? தனியா வித்துத் துட்டா உண்டியல்ல போட்டுரு" என்றார். அரிசிக்கு இருக்கிற தீட்டு துட்டுக்குக் கிடையாது பாருங்கள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெபராணி கேட்டாள். "அக்கா, எங்க அரிசியும் அசனத்துல விழும்லா? எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"விழாம? விழும்ட்டீ" என்றாள் ஞானசௌந்தரி.

வாயில் வந்தது, வந்துவிட்டது. பத்தடி நடந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. முன்பும் ஓரிடத்தில் நிற்காதவள்தான், ஆனால் அது துள்ளல். இது வேறு. ராத்திரிச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவாள். பெட்டியைத் துடைத்துக் கவிழ்ப்பாள், நிமிர்த்துவாள். பொய் சொன்ன வாயோடு எப்படி ஜெபம் பண்ணுவது? சொன்னதைச் செய்யப் போனாலோ ஒளித்துச் செய்கிற காரியமா அது? தங்கள் நடுத்தெரு வீடுகளின் வெள்ளையரிசியில் சிவப்பரிசி விழுந்தால் குருடனுக்கும் தெரியும். தெரிந்தால் சுவிசேஷமுத்து சும்மா இருப்பாரா? மூன்றாவது ஓலையை நிறுத்திவிடுவார். தன் வாய்த் துடுக்குக்கு மகள் வாழ்க்கையா விலை? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த அரிசியையும் அசனத்தில் சேர்க்கலாமா என்று ஐயரிடமே போய்க் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செய்ய வேண்டியதுதாம்மா. ஆனா கொஞ்சம் பைய... சபை ரெண்டாப் போயிரக் கூடாதே" என்றார்.

"பையன்னா எப்ப ஐயரே? அவ பேரப்பிள்ள காலத்துலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டாள். ஐயரை அப்படிப் பேசிவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து அன்றைக்குத் தூக்கம் கெட்டது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, சேர்ந்த பிடியரிசியை எல்லாம் பீடத்துக்கு முன்னால் புதுப்பாயில் குவித்து ஐயர் ஜெபித்துப் படைப்பார். படைத்தபின் அது கர்த்தருடையது. ஒரு மணியைக்கூடத் திருப்பி எடுக்கக் கூடாது, எறியக் கூடாது. சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு.

அன்று மூப்பர்மார், நடுத்தெருப் பெண்கள் எல்லாரும் பாயைச் சுற்றி நின்றார்கள். வெள்ளையரிசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஞானசௌந்தரி கடைசி வாரத்துச் சின்னப்பெட்டியோடு தூணோரம் நின்றாள். "அத அங்கனயே வச்சிரு தங்கச்சி" என்றார் மூப்பர். வைத்தாள். ஐயர் கைகளை விரித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

கண்ணை மூடிய இடத்தில் ஞானசௌந்தரிக்கு ஜெபராணி குடிசையின் கரிச்சுவர்தான் தெரிந்தது. திறந்துகொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். அத்தனை பேரும் கண்மூடி நிற்கிறார்கள், மூப்பர் இமையை இறுக்கிக்கொண்டு நிற்கிறார். பெட்டியை எடுத்தாள், இரண்டு எட்டு வைத்தாள், குவியலின் உச்சியில் கவிழ்த்தாள்.

சர்ரென்று அரிசி சரிகிற சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. யாரோ இருமினார்கள். ஜெபம் நடக்கும்போது கண் திறப்பது பாவம் என்று வளர்ந்த ஜனம், இமை துடித்ததே தவிர ஒருவர்கூடத் திறக்கவில்லை. ஐயரின் குரல் ஒரு கணம் இடறியது. ஆமென் சொல்ல வேண்டிய இடம் அது. அவர் சொல்லவில்லை. ராஜாவுக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், கடல் கடந்து போனவர்களுக்காக ஜெபித்தார். பெட்டியின் அடியை அவள் தட்டிக் கடைசி மணியும் விழுந்த பிறகுதான், "உமக்கென்று படைக்கிறோம், ஆமென்" என்றார். தன்னால் முடிந்ததை அந்த மனுஷன் செய்தார்.

கண் திறந்தார்கள். வெள்ளைக் குவியலின் தலையிலிருந்து நாலாபுறமும் சிவப்பு வழிந்து கிடந்தது.

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டார் மூப்பர்.

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் ஞானசௌந்தரி. "விழும்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

சுவிசேஷமுத்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "படைச்சதக் கொட்டச் சொல்ல மாட்டேன். பொங்குங்க. தின்னுதவுக தின்னுங்க. ஐயரே, நாளைக்கு அந்த ஓலைய வாசிக்க வேண்டாம்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வீட்டில் இன்பமணி லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். செய்தி தாய்க்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஞானசௌந்தரி அவள் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "உன் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டேன் மக்ளே. நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றாள்.

"எல்லாம் செஞ்சுட்டு என்னக் கேக்கிய" என்றாள் மகள். "செய்யதுக்கு முன்ன கேட்டியளா?" நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனையில் மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. ஞானசௌந்தரியின் முதுகிலெல்லாம் கண்கள் குத்தின. பிறகு கொட்டகையில் கறிக்குழம்பு மணக்க மணக்கச் சோறு வடித்துக் குவித்தார்கள். ஆனால் பந்திதான் கூடவில்லை. நடுத்தெருவார் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நின்று காலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். போகவும் மனமில்லை, உட்காரவும் துணிச்சல் இல்லை. வாய்க்கால் கரையார் மட்டும் வெறும் ஓலைப்பட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபராணி எழுந்து போய்விடலாமா என்று புருஷனைப் பார்த்தாள். பரிமாறவேண்டிய பெண்கள் ஒருவரும் முன்னால் வரவில்லை. சோற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் அகப்பையும் கையுமாக ஞானசௌந்தரி ஒருத்தி.

அப்போது மூப்பரின் பெண்சாதி அன்னபாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அந்தப் பித்தளைத் தாம்பாளம். அதில் மடிப்புக் கலையாத பட்டுக்கரை வேட்டி.

"வாங்கிக்கிடுங்க மைனி. அவுக சொல்லிட்டாக. எனக்கு இஷ்டமில்ல, என்ன செய்ய" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஞானசௌந்தரிக்குக் கை எழவில்லை. ஊரே பார்க்கிறது. அகப்பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, தாம்பாளத்தை வாங்கவும் தோன்றவில்லை. அன்னபாக்கியம் நீட்டியபடியே நின்றாள்.

பின்னாலிருந்து இன்பமணி வந்தாள். அழுது வீங்கிய முகம். அம்மாவைப் பார்க்கவில்லை. அன்னபாக்கியத்திடமிருந்து தாம்பாளத்தை வாங்கினாள். வேட்டியை எடுத்து ஒருமுறை பார்த்தாள், இடது தோளில் போட்டுக்கொண்டாள். காலித் தாம்பாளத்தை இரண்டு கையாலும் அம்மாவுக்கு நேரே நீட்டினாள்.

"சோத்த வைங்க" என்றாள். "அவுக எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாக?"

ஞானசௌந்தரி அகப்பையைக் குவியலுக்குள் ஆழ விட்டு அள்ளினாள்.